நடுவில் ஆரம்பித்த துப்பறியும் தொடர் புரியவில்லை என்றால்

ஒரு பெண் காவல் ஆய்வாளரைப் பற்றிய தொடரை நான்காம் புத்தகத்திலிருந்து ஆரம்பித்துக் குழம்பிவிட்டதாகக் கேட்டிருந்தீர்கள். அந்தப் புத்தகத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு முதல் புத்தகத்தை எடுங்கள். பாதி வரை படித்தும் அந்தப் பெண் ஆய்வாளர் ஏன் தன் மேலதிகாரியை நம்ப மறுக்கிறார் என்று பிடிபடவில்லை என்கிறீர்கள், அது உங்கள் கவனக்குறைவு இல்லை. இந்த மாதிரித் தொடர்களில் கொலை வழக்கு அந்தந்தப் புத்தகத்தோடு முடிந்துவிடும், ஆனால் துப்பறிபவருடைய சொந்த வாழ்க்கையும் பழைய காயங்களும் புத்தகம் புத்தகமாக நீளும், கதை ஓட்டமாக ஓடுவதால் ஆசிரியர் நின்று பழையதை விளக்கவும் மாட்டார்.

எது முதல் என்று குழப்பமாக இருந்தால் பதிப்புரிமைப் பக்கத்தில் மூலநூல் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். மொழிபெயர்ப்புகள் சில நேரம் வேறு வரிசையில் வரும்.

அப்புறம், அந்த ஆய்வாளருடைய இளமைக் காலத்தைச் சொல்லும் முன்கதைப் புத்தகம் இருந்தால் அதை முதலில் தொடாதீர்கள். பெரும்பாலும் பின்னால் எழுதியதாகத்தான் இருக்கும், முக்கியமான திருப்பத்தைப் போட்டு உடைத்துவிடலாம்.