ஹங்கேரியின் சிந்தனையாளர்கள் நிலை தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறியது?

இந்தக் கேள்விக்குப் பலரும் மார்க்சியத் தத்துவவாதி லூகாச்சிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அரசியல் சிந்தனையாளர் இஷ்த்வான் பிபோ.

1956 நவம்பர் 4. ஹங்கேரியப் புரட்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் தலைநகர் புடாபெஸ்டுக்குள் வந்துவிட்டன. பிரதமர் இம்ரே நாகி யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்துவிட்டார். முந்தைய நாள்தான் அமைச்சரான பிபோ மட்டும் நாடாளுமன்றத்தை விட்டு நகரவில்லை. சுற்றிலும் சோவியத் சிப்பாய்கள். இவர் உள்ளே உட்கார்ந்து, சட்டப்படியான அரசின் பெயரில் நாட்டு மக்களுக்கு அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். 6ஆம் தேதிவரை அங்கேயே இருந்தார். ஜனநாயகவாதியாக இருப்பது என்றால் எல்லாவற்றுக்கும் முன்பு பயப்படாமல் இருப்பது என்று 1946இலேயே எழுதியவர் அவர். 1958இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1963இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்து, புள்ளியியல் அலுவலக நூலகத்தில் வேலை பார்த்தார்.

கிட்டத்தட்ட அவர் வயதுக்காரரான கவிஞர் மிக்லோஷ் ராட்நோட்டிக்கு அதுகூட வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது யூதர் என்பதால் கட்டாய உழைப்புப் படைக்கு இழுத்துப் போனார்கள். 1944 நவம்பரில் வழியிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1946இல் புதைகுழியைத் தோண்டியபோது அவர் கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. கடைசிக் கவிதைகள் அதில்தான் கிடைத்தன.

அடுத்த தலைமுறையைக் கொல்லவில்லை, கம்யூனிச ஆட்சியாளர்கள் பிழைப்பைப் பறித்தார்கள். லூகாச்சின் மாணவி ஆக்னெஷ் ஹெல்லருக்கு 1973இல் வேலை போனது. 1977இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு திரும்பி வந்து, 2019இல் 90 வயதில் பலட்டோன் ஏரியில் நீந்தும்போது இறக்கும்வரை அரசை விமர்சித்தபடியே இருந்தார்.

சரி, அப்புறம் வந்தவர்கள்? இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. புடாபெஸ்டில் பிபோவின் பெயரைத் தாங்கிய சட்ட மாணவர் விடுதி ஒன்று உண்டு. 1988 மார்ச் 30 அன்று 37 இளைஞர்கள் அங்கே கூடி ஃபிடெஸ் என்ற இளைஞர் அரசியல் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் விக்டர் ஓர்பான். ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸின் அறக்கட்டளை தந்த உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனவர். அவர் பிரதமராக இருந்தபோது 2017இல் வந்த சட்டத்தால், சோரோஸ் நிறுவிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் வியன்னாவுக்கு இடம்பெயர நேர்ந்தது. அதே ஆண்டு பூங்காவில் இருந்த லூகாச் சிலையையும் அகற்றினார்கள்.

பயத்தைப் பற்றி பிபோ எழுதிய அந்த வரியை, அந்த விடுதியில் இருந்தவர்கள் படிக்காமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.