அமெரிக்காவில் குடியேற்றச் சீர்திருத்தப் பேச்சு ஏன் எப்போதும் எல்லைக் காவலிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது?

1986-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், ஆவணமின்றி 1982-க்கு முன்பிருந்தே வாழ்ந்துவந்தோருக்குச் சட்டபூர்வத் தகுதி அளிப்பது, ஆவணமற்றவரைத் தெரிந்தே வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்கு அபராதம் விதிப்பது ஆகிய இரண்டையும் ஒரே பேரமாக இணைத்தது. முதற்பாதி நிறைவேறி, ஏறத்தாழ 27 லட்சம் பேர் நிரந்தர வசிப்புரிமை பெற்றனர். இரண்டாம் பாதியோ பிசுபிசுத்துப் போனது. வேலைக்கு வருபவர் காட்டும் அடையாள அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினாலே முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடும் என்றிருந்ததால், போலி அட்டை வியாபாரம்தான் செழித்தது. எல்லையை அடைத்த பிறகே மற்றதைப் பேசலாம் என்று குடியரசுக் கட்சியினர் பலர் பிடிவாதம் பிடிப்பதற்கு அந்த ஏமாற்றமே முக்கியக் காரணம். ஆயினும் சுவரே போதும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று. ஆவணமற்றோரில் கணிசமானோர் விசாவுடன் முறையாக நுழைந்து, கெடு முடிந்தும் தங்கிவிட்டவர்கள். 2013-இல் மேலவையான செனட் 68-32 என நிறைவேற்றிய மசோதா எல்லைக் காவலரை ஏறத்தாழ இரட்டிப்பாக்கவும், வேலைக்கு அமர்த்தப்படுவோரின் தகுதியைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கவும் வழிசெய்தது. இருந்தும் கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.