நூலகரைக் கேளுங்கள்: பத்துப் பக்கக் கணக்கு

(சேலத்தில் கல்லூரி நூலகராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் பள்ளி ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம். ஒரு தாவரவியல் புத்தகம், விலை 900 ரூபாய். அதில் இரண்டு அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்து 26 பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். "இது திருட்டு, கேஸ் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். உண்மையா?
- ஓர் ஆசிரியை

பதில்: பயப்படாதீர்கள் டீச்சர். ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும்போது ஒரு நூலைப் படியெடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் சக ஆசிரியர் அந்தப் பக்கம் வரைக்கும் புரட்டியிருக்க மாட்டார்.

இதை டெல்லியில் கோர்ட் வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டார்கள். 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என மூன்று பெரிய பதிப்பகங்கள், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலும் அதன் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையின் மேலும் வழக்குப் போட்டன. பல புத்தகங்களிலிருந்து பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை எடுத்துத் தொகுத்து, பக்கத்துக்குச் சில பைசா வாங்கிக்கொண்டு கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. சட்டத்தில் 'ஓர் ஆசிரியர்', 'ஒரு மாணவர்' என்று ஒருமையில்தானே இருக்கிறது என்றுகூட வாதாடினார்கள். சம்பளம் வாங்கும் வக்கீல் எதையும் விடமாட்டார், சரி. ஆனால் யாருடைய நூல்கள் அந்தத் தொகுப்பில் இருந்தனவோ அவர்களில் பலரே, படியெடுத்தால் எடுக்கட்டும் என்று மாணவர் பக்கம் நின்றார்கள். அமர்த்தியா சென்னும் பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தான் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியெடுத்ததைத் தீர்ப்பிலேயே சொல்கிறார். கையால் எழுதினால் குற்றமில்லை, மெஷினில் எடுத்தால் மட்டும் குற்றமா? பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் அதை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வும், இத்தனை பக்கம்தான் என்று கணக்கு எதுவும் வைக்கவில்லை. பாடத்துக்குத் தேவையா, அதுதான் அளவுகோல். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின.

அந்தப் 'பக்கக் கணக்கு' வரியைப் படித்தபோது, என் மேசைக்குப் பின்னால் நானே ஒட்டியிருந்த அட்டை நினைவுக்கு வந்தது: 'பத்துப் பக்கத்துக்கு மேல் ஜெராக்ஸ் எடுக்க அனுமதி இல்லை.' எந்தச் சட்டத்திலும் இல்லாத பத்து. இன்னொரு கல்லூரியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து நானும் ஒட்டியது. மலையிலிருந்து தினமும் இறங்கி வந்து படித்த ஒரு பெண், வெளியே கொடுக்காத புத்தகத்தில் 34 பக்க அத்தியாயம் ஒன்றைக் கேட்டாள். அட்டையைக் காட்டினேன். பத்து, பத்து, பத்து, நான்கு என்று நான்கு நாள் வந்து எடுத்துப் போனாள். ஒவ்வொரு நாளும் ஏற்காடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். என்னை ஏமாற்றுகிறாள் என்று அப்போது எரிச்சல்பட்டேன். அட்டையை நான் ஓய்வுபெறும் வரைக்கும் கழற்றவில்லை.

நீங்கள் எடுத்தது இரண்டு அத்தியாயம், கொடுத்தது உங்கள் வகுப்புக்கு. புத்தகம் முழுவதையும் எடுத்து பைண்ட் செய்து கடையில் விற்றால்தான் கதை வேறு.

கேள்வி: தமிழ் நாவல்கள் முழுசாக டெலிகிராமில் பி.டி.எஃப். ஆக வருகின்றன. இறக்கிப் படிக்கலாமா?
- கல்லூரி மாணவர், அம்மாபேட்டை

பதில்: டீச்சருக்குச் சொன்னதை உங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நாவல் முழுவதையும் குழுவில் போடுவது பாடம் நடத்துவது ஆகாது. அவருக்கு வருகிற ராயல்டியே கொஞ்சம். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் யாரும் அச்சிடலாம், பகிரலாம். நாட்டுடைமை ஆனவற்றுக்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியதில் தொடங்கிய வழக்கம் அது. அப்படிப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நிறையக் கிடக்கின்றன, காசே வேண்டாம். புது நாவல் என்றால் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை நான் வாசித்துப் பதிவுசெய்து, அவனைப் போன்ற நண்பர்களுக்கும் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: தாராளமாக. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் இதற்கென்றே தனி உட்பிரிவு சேர்த்தார்கள். பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை உலகத்திலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் நம்முடையதுதான், 2014இல். லாபத்துக்கு விற்காமல் இருந்தால் போதும்.

வாசிக்கும்போது ஒவ்வொரு பக்கம் தொடங்கும் இடத்திலும் பக்க எண்ணைச் சொல்லிவிடுங்கள். அட்டவணை வந்தால் தலைப்பையும் வரிசையையும் முதலில் சொல்லுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வையுங்கள். ஒரே நீளப் பதிவாக இருந்தால் தேர்வுக்கு முந்தைய நாள் தேடுவதற்குள் பொழுது போய்விடும்.