பார் தேர்வில் கட்டுரை எழுதுவது: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆறு வருடம் ப்ராக்டிஸ் செய்துவிட்டு, கணவரின் வேலைக்காக கலிஃபோர்னியாவில் இருக்கும் சன்னிவேல் வந்தேன். இங்கே வக்கீலாக வேலை செய்ய உரிமம் தரும் கலிஃபோர்னியா பார் தேர்வை ஜூலையில் எழுதினேன். நவம்பரில் ரிசல்ட் வந்தது, ஃபெயில். எம்.பி.ஈ. என்ற, விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விப் பகுதி நன்றாகவே வந்திருக்கிறது. கட்டுரைகளில்தான் விழுந்துவிட்டேன்: 55, 50, 60, 55, 55. பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டில் 50. எல்லாப் பாடத்துக்கும் அவுட்லைன் மனப்பாடம் செய்திருந்தேன், பக்கம் பக்கமாக எழுதவும் செய்தேன். எங்கே தப்பு என்றே புரியவில்லை. மாதிரி விடைகளையும் மனப்பாடம் செய்துவிடலாமா? அல்லது நியூயார்க் தேர்வு எழுதிவிடலாமா? பயிற்சிக்காக எழுதிய ஒரு ஒப்பந்தக் கட்டுரையை இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

வி.

அன்புள்ள வி.,

கறுப்பு கோட் போட்டு நீதிபதி முன்னால் நின்று வாதாடிய ஒருவர், இங்கே வந்து மறுபடி மாணவராக உட்கார்ந்து தோற்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சட்டம் தெரியாமல் தோற்கவில்லை, அதற்கு உங்கள் எம்.பி.ஈ. மதிப்பெண்ணே சாட்சி. இணைப்பில் இருந்த விடையை நிதானமாகப் படித்தேன், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வியை வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி மொத்த வியாபாரி ஒருவர், உணவகம் நடத்தும் ஒரு பெண்ணுக்குத் திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்புகிறார்: 200 நாற்காலி, ஒன்று 40 டாலர், இந்த விலை உங்களுக்கு வெள்ளிக்கிழமை வரை உண்டு. அடியில் அவர் பெயர் இருக்கிறது. புதன்கிழமை போன் செய்து, வேறு ஆள் வந்துவிட்டார், அதை மறந்துவிடுங்கள் என்கிறார். வியாழக்கிழமை அந்தப் பெண் எனக்குச் சம்மதம் என்று பதில் அனுப்புகிறார். ஒப்பந்தம் உண்டா?

உங்கள் விடையில் முதல் ஒன்றரைப் பக்கம் முனைவு (ஒருவர் முன்வைக்கும் ஆஃபர்) என்றால் என்ன, ஏற்பு என்றால் என்ன, மறுபயன் (வாக்குக்கு ஈடாகக் கொடுப்பது) என்றால் என்ன என்று போகிறது. முனைவு பற்றிய பழைய ஆங்கில வழக்கான கார்லில் வருகிறது. கடைசியில் இரண்டே வரி: ஏற்பு வருவதற்கு முன்பே முனைவு திரும்பப் பெறப்பட்டது, ஆகவே ஒப்பந்தம் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 5ஆம் பிரிவின்படி இது சரியான விடைதான், வெள்ளி வரை வைத்திருக்கிறேன் என்று சும்மா சொன்ன வாக்கு நம் ஊரில் கட்டுப்படுத்தாது. இங்கே சரக்கு விற்பனைக்கு, அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பான யூ.சி.சி.யின் இரண்டாம் பகுதி வந்துவிடுகிறது. வணிகர் ஒருவர் கையெழுத்திட்ட எழுத்தில், இன்ன நாள் வரை திறந்து வைத்திருக்கிறேன் என்று உறுதி சொன்னால், பைசா வாங்காவிட்டாலும் அந்தக் காலத்துக்குள் திரும்பப் பெற முடியாது. மூன்று மாதம்தான் உச்சவரம்பு.

சரி, இந்த விதியைத் தெரிந்துகொண்டு எழுதியிருந்தாலும் உங்கள் மதிப்பெண் பெரிதாக ஏறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்போதும் விதியை முக்கால் பக்கம் விளக்கிவிட்டு, ஆகவே ஒப்பந்தம் உண்டு என்று முடித்திருப்பீர்கள். மார்க் கிடப்பது இடையில். அவர் நாற்காலி மொத்த வியாபாரி, அன்றாடம் விற்கும் சரக்கு இது, அதனால் வணிகர். வாங்குபவர் வணிகரா என்ற கேள்வியே இந்த விதிக்குத் தேவையில்லை. வெள்ளி வரை உண்டு என்றது உறுதிமொழி. திங்கள் முதல் வெள்ளி வரை என்பது மூன்று மாதத்துக்கு வெகு உள்ளே. அடியில் இருக்கும் பெயர் மின்னஞ்சலில் தானாக ஒட்டிக்கொள்வது, அது கையெழுத்தே இல்லை என்று வியாபாரி தரப்பில் வாதிடுவார்கள். விலையும் எண்ணிக்கையும் சொல்லி வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது தன்னைக் கட்டுப்படுத்தும் எண்ணத்தில்தான் என்று நாம் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை போன் செல்லாது, வியாழக்கிழமை சம்மதம் நேரத்துக்குள் வந்தது. அப்புறம் நீங்கள் பார்க்காமலே விட்ட ஒன்று: 200 நாற்காலி, 40 டாலர், மொத்தம் 8,000 டாலர். 500 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட சரக்கு என்றால் எழுத்தில் ஆதாரம் வேண்டும். அதே மின்னஞ்சல் அதற்கும் போதும், எண்ணிக்கை அதில் இருக்கிறது, யார்மீது வழக்கோ அவர் பெயரும் இருக்கிறது. கேள்வியில் ஒரு எண் கொடுத்திருந்தால் அது சும்மா வந்திருக்காது.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்பது தெரிந்ததே. நம் சட்டக் கல்லூரித் தேர்வில் பிரிவு எண், இலக்கணம், அடிக்கோடிட்ட பக்கத் தலைப்பு, இரண்டு வழக்கின் பெயர், அடிஷனல் ஷீட் வாங்கிக் கட்டினால் மார்க். அதற்கப்புறம் எழுதிய அகில இந்திய பார் தேர்வான ஏ.ஐ.பி.ஈ.யில், பேர் ஆக்டை, அதாவது உரை இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை, பக்கத்தில் வைத்துக்கொண்டு நூறு கேள்விக்குக் கட்டம் நிரப்பினோம், கட்டுரையே கிடையாது. ஆனால் ஆறு வருடம் ஜாமீன் மனு எழுதியிருப்பீர்களே! அதில் பிரிவை ஒரு பக்கம் விளக்கிக்கொண்டா இருந்தீர்கள்? எஃப்.ஐ.ஆரில் மனுதாரர் பெயர் இல்லை, பொருள் ரெக்கவரி முடிந்துவிட்டது, உடன் எதிரிக்கு ஏற்கெனவே ஜாமீன் கிடைத்திருக்கிறது, சொந்த வீட்டில் குடியிருக்கிறார், ஓடிப்போக மாட்டார் என்று ஒவ்வொரு சங்கதியையும் எடுத்து விதியின்மேல் வைத்திருப்பீர்கள், அரசுத் தரப்பு என்ன சொல்லும் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கும் ஒரு பத்தி வைத்திருப்பீர்கள். பார் தேர்வுக் கட்டுரை அந்த மனுவின் இனம். கல்லூரி விடைத்தாளை மறந்துவிட்டு அந்தக் கையால் எழுதுங்கள், உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள், தயவுசெய்து. சங்கதி மாறினால் அந்த விடை உதவாது, மனப்பாடம் செய்ததைக் கொட்டியே ஆக வேண்டும் என்ற ஆசைதான் மிஞ்சும். மனப்பாடம் செய்ய வேண்டியது விதி வாக்கியங்கள் மட்டும், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வரிக்குள், உங்கள் சொந்த ஆங்கிலத்தில். பிரிவு எண்ணும் வழக்குப் பெயரும் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரே விதிவிலக்கு, கணவன் மனைவி சொத்தைப் பற்றிய பாடமான கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி. திருமண காலத்தில் சம்பாதித்தது இருவருக்கும் பொது, திருமணத்துக்கு முன் இருந்ததும் அன்பளிப்பாகவோ வாரிசாகவோ வந்ததும் தனி என்று தொடங்கும் முதல் பத்தி ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் பொருந்தும், அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தியச் சட்டம் உங்களை எங்கே ஏமாற்றும் என்று எழுதி வையுங்கள். மைனர் செய்த ஒப்பந்தம் நம் ஊரில் 1903 மோஹரி பீபி வழக்கிலிருந்து செல்லாதது; இங்கே மைனர் விரும்பினால் ரத்து செய்யலாம், விரும்பாவிட்டால் நிற்கும். கடந்தகால மறுபயன், அதாவது வாக்குக்கு முன்பே செய்து முடித்த உதவி, அங்கே செல்லும், இங்கே பொதுவாகச் செல்லாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நம் சாட்சியச் சட்டம் ஏற்காது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே. இங்கே, பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று சொல்லும் மிராண்டா எச்சரிக்கையைக் கொடுத்து, தானாக முன்வந்து சொல்லியிருந்தால் ஏற்பார்கள். தொழில் ஒழுக்கம் இன்னும் வழுக்கும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் ஃபீஸ் என்பது நமக்குத் தடை, இங்கே எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்கினால் பெரும்பாலும் அனுமதி. இந்தப் பாடம் தாளில் அடிக்கடி வருகிறது. அமெரிக்க மாதிரி விதி ஒன்று சொல்லி கலிஃபோர்னியா விதி வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும்.

நேரம் பற்றி: கட்டுரைக்கு ஒரு மணி நேரம். கடைசியில் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிட்டுச் சங்கதிக்குப் போங்கள். கால் மணி நேரம் படித்துக் குறிப்பெடுக்க, முக்கால் மணி நேரம் டைப் அடிக்க. தேர்வை நடத்தும் ஸ்டேட் பார் தன் தளத்தில் பழைய கேள்விகளையும், ஒவ்வொன்றுக்கும் தேர்வர்கள் எழுதிய விடைகளில் தேர்ந்தெடுத்த இரண்டையும் இலவசமாகப் போட்டிருக்கிறது. கடிகாரம் வைத்து ஒரு கட்டுரை எழுதுங்கள், பிறகு அந்த விடையைத் திறந்து, கேள்வித்தாளிலேயே அவர்கள் பயன்படுத்திய சங்கதிகளைப் பச்சையிலும் நீங்கள் பயன்படுத்தியதைச் சிவப்பிலும் அடிக்கோடிடுங்கள். பச்சை மட்டும் இருக்கும் இடங்கள்தான் உங்கள் பாடத்திட்டம். அந்த விடைகளின் நீளத்தைப் பார்த்து மிரளாதீர்கள், பாஸாக அவ்வளவு வேண்டாம். எழுதாமல் வெறுமனே படித்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. 90 நிமிடம், கோப்பும் சட்டமும் அவர்களே தருகிறார்கள், மனப்பாடம் எதுவும் தேவையில்லை, ஆனால் அதற்கு இரண்டு கட்டுரையின் எடை. எழுத்துப் பகுதியின் 700இல் உங்களுக்கு வந்தது 375. அந்த 50ஐ 65 ஆக்கினால் மட்டும் 30 கூடுகிறது. சீனியர் ஒரு கேஸ் கட்டைக் கையில் கொடுத்து நாளைக் காலைக்குள் குறிப்பு வேண்டும் என்று சொல்வாரே, அதே வேலைதான் இது. வாரம் ஒன்றாவது முழுசாக எழுதிவிடுங்கள். பாஸ் மார்க்கை 2020இல் 1440இலிருந்து 1390ஆகக் குறைத்துவிட்டார்கள், எழுத்துப் பகுதி மொத்தத்தில் பாதி, உங்கள் எம்.பி.ஈ. நன்றாக இருக்கும்போது இது எட்டாத தூரம் இல்லை.

நியூயார்க் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே 2016லிருந்து பல மாநிலங்களுக்குப் பொதுவான யூ.பி.ஈ. தேர்வு முறை, ஆறு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம்தான், பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் இரண்டு. இங்கே தடுக்கியது அங்கேயும் தடுக்கும், அதுவும் பாதி நேரத்தில். அப்படியே பாஸ் செய்தாலும் அந்த மதிப்பெண்ணைக் கலிஃபோர்னியா ஏற்காது, நீங்கள் இருப்பதோ சன்னிவேலில். பிப்ரவரிக்கு இங்கேயே பதிவு செய்யுங்கள். அந்த நாற்காலிக் கேள்வியைத் திரும்ப எழுதி அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.