யூதர் வேதத்தில் 24, பழைய ஏற்பாட்டில் 39: விடுபட்ட 15 நூல்கள் எவை?

ஒன்றுகூட விடுபடவில்லை. அந்த 39-இல் உள்ள அத்தனையும் யூதர்களின் வேதமான தனாக்கில் இருக்கிறது, எண்ணும் முறைதான் வேறு.

சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் அங்கே இரண்டிரண்டாகப் பிரிவதில்லை. எஸ்றாவும் நெகேமியாவும் ஒரே நூல். ஓசியா முதல் மல்கியா வரை பன்னிரண்டும் சேர்ந்து ஒன்று. 39-இல் 3, 1, 11 கழித்துப் பாருங்கள்.

வரிசையும் உங்களைக் குழப்பியிருக்கலாம். இரண்டிலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். நம்முடைய பழைய ஏற்பாடு, தீர்க்கதரிசி எலியா வருவார் என்ற மல்கியாவின் வாக்கோடு முடிகிறது. இன்றைய தனாக் அச்சுப் பதிப்புகள் நாளாகமத்தில், எருசலேமுக்குப் போகலாம் என்ற பாரசீக ராஜா கோரேசின் கட்டளையோடு முடிகின்றன. எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய வேறுபாடு என்பேன்: ஒன்று வரப்போகிறவரை நோக்குகிறது, மற்றது ஊர் திரும்புவதை.

கையில் இருப்பது கத்தோலிக்கத் திருவிவிலியம் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் பழைய ஏற்பாட்டில் 46. தோபித்து, யூதித்து, மக்கபேயர் உள்ளிட்ட ஏழு நூல்கள் தனாக்கில் கிடையாது.