மாவுக்கட்டு, கம்பி, மாற்று மூட்டு: வீட்டுப் பராமரிப்பு பற்றிய கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தினர் அனுப்பிய கேள்விகளுக்கு எலும்பு மூட்டு வார்டு செவிலியர் ஒருவர் பதில் தருகிறார். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் மருத்துவர் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தாய்: சிஸ்டர், என் பையனுக்கு ஏழு வயசு. படகு மேல ஏறி விளையாடி விழுந்துட்டான். முன்கையில ரெண்டு எலும்பும் உடைஞ்சு நேத்து மதியம் மாவுக்கட்டு போட்டாங்க. ராத்திரி பூரா அழுகை. வலி சிரப் ரெண்டு தடவை கொடுத்தும் அடங்கல. விரலும் வீங்கியிருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நாளைக்கு ஓபி வரைக்கும் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இதைப் படித்த கையோடு அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். ஓபிக்குத்தான் ஞாயிறு விடுமுறை, அவசரப் பிரிவுக்கு இல்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? எலும்பு முறிந்த இடத்தில் ரத்தம் கசிந்து தசை வீங்கும். தசையைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. அதற்கு மேல் மாவுக்கட்டு வேறு இறுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏறச் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கும். சுமார் ஆறு மணி நேரம் அப்படியே போனால் தசையும் நரம்பும் மீள முடியாத அளவுக்குக் கெடத் தொடங்கும். பிறகு எலும்பு அழகாகக் கூடினாலும் விரல்கள் மடங்கி இறுகிப்போகும்.

கிளம்பும் முன் ஒரு சின்னச் சோதனை. விரல் நுனியைப் பிடித்து மெதுவாக நேராக நீட்டுங்கள். கட்டுக்குள் முன்கையில் வலிக்கிறது என்று அலறினால் சந்தேகம் வலுக்கிறது. நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா, மரத்துப்போச்சு என்கிறானா என்றும் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தாலும் மருந்துக்கு அடங்காத வலி ஒன்றே போதும், போய்விடுங்கள். நாடி துடிக்கிறதே என்று யாராவது தைரியம் சொன்னால் கேட்காதீர்கள். பெரிய ரத்தக்குழாய் கடைசியில்தான் அடைபடும்.

கையை உயரத் தூக்கி வைக்கச் சொல்லியிருப்பார்கள். சாதாரண வீக்கத்துக்கு அது சரி. இந்தச் சந்தேகம் வந்த பிறகு நெஞ்சு மட்டத்தில் வைத்தால் போதும். அதற்கு மேல் தூக்கினால் இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டமும் குறையும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் வழியில் பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். அங்கே போனதும் "கை வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நேத்து கட்டு போட்டது, மருந்துக்கு வலி அடங்கல, விரலை நீட்டினா அலறுறான்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் உங்களை வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

அதே தாய், மாலையில்: போனோம் சிஸ்டர். கட்டை நீளவாக்குல பிளந்து உள்ள இருந்த பஞ்சையும் வெட்டிட்டாங்க. அரை மணி நேரத்துல அழுகை நின்னுது. ராத்திரி தங்கச் சொல்லியிருக்காங்க. ஆனா இப்ப கட்டு லூசா இருக்கே, எலும்பு விலகிடாதா?

பதில்: பஞ்சையும் வெட்டியது நல்லது. ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு தனியாகவே இறுக்கும். பிளந்த கட்டின் மேல் துணி பேண்டேஜ் சுற்றியிருப்பார்கள், இப்போதைக்கு அந்தப் பிடி போதும். வீக்கம் வடிந்ததும் எலும்பு கொஞ்சம் நகர்வதும் உண்டு. அதனால்தான் ஒரு வாரத்தில் திரும்ப எக்ஸ்ரேவுக்கு வரச் சொல்வார்கள். பையன் விளையாடுகிறானே என்று அந்த எக்ஸ்ரேவைத் தள்ளிப்போடாதீர்கள். விலகியிருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்வது சுலபம். இன்றிரவு முழுக்க விரலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்; வலி திரும்பினால் வார்டு சிஸ்டரை எழுப்பத் தயங்க வேண்டாம்.

வில்லியனூரிலிருந்து ஒரு மருமகள்: மாமியாருக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து, பாதி மூட்டு மாற்றி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து நான்கு நாள். கால் மேல் கால் போடக்கூடாது, குனியக்கூடாது என்றார்கள். எவ்வளவு நாளைக்கு? எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தான்.

பதில்: புது மூட்டைச் சுற்றிய தசையும் உறையும் ஆறும்வரை மூட்டின் பந்து இடுப்புக் கிண்ணத்தை விட்டு நழுவும் அபாயம் உண்டு. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால் (தையல் பிட்டத்தை ஒட்டி இருக்கும்) மூன்று அசைவுகள் ஆகாது: முட்டி இடுப்பை விட மேலே போகும்படி மடக்குவது, காலை மறு காலின் பக்கம் குறுக்கே கொண்டுபோவது, பாதத்தை உள்நோக்கித் திருப்புவது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இதைக் காப்பாற்றச் சொல்வார்கள். முன்பக்கமாகச் செய்திருந்தால் விதிகள் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியன் டாய்லெட் கூடவே கூடாது. கைப்பிடி வைத்த கமோடு நாற்காலி வாங்குங்கள். நடுவில் ஓட்டை உள்ளதை அந்த டாய்லெட்டின் மேலேயே நிறுத்தலாம். ஆனால் பீங்கானின் வழுக்கலில் கால்கள் நிற்காமல் சமதளத்தில் நிற்க வேண்டும். உயரம் சரியா என்று பார்க்க மாமியாரை உட்கார வையுங்கள்: முட்டி இடுப்பை விடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் சரி. தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி, பாய், தரையில் போட்ட மெத்தை, ஷேர் ஆட்டோவின் பின் பலகை எதுவும் இந்தக் கணக்கில் தேறாது. எழும்போது அறுவை செய்த காலை முன்னே நீட்டி, இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி எழ வேண்டும். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வளைந்துவிடும்.

படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை, தொடையிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி. கீழே விழுந்ததை எடுப்பது, கொலுசு மாட்டுவது, கால் விரலுக்கு மருதாணி வைப்பது எல்லாம் மற்றவர் வேலை. திடீர் வலியோடு கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். நீங்களே இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

அதே மருமகள்: வயிற்றில் போடும் ஊசியும் கொடுத்திருக்கிறார்கள். போட்ட இடமெல்லாம் நீலமாகிறது.

பதில்: காலில் ரத்தம் உறையாமல் இருக்க அந்த ஊசி. இடுப்பு அறுவைக்குப் பின் மொத்தம் நாலைந்து வாரம் கூடத் தொடர்வதுண்டு, இடையில் நிறுத்தாதீர்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இன்று வலம், நாளை இடம். மருந்து நிரப்பியே வரும் ஊசியில் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம், மருந்து முழுதும் இறங்க அதுவே உதவும். தோலைக் கிள்ளி மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராகச் செருகி, ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடாதீர்கள். பிறகு தேய்க்கவே கூடாது. நீலமாவதற்குப் பாதிக் காரணம் தேய்ப்பதுதான். கருப்பு மலம், ஈறில் ரத்தம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை.

புதுச்சேரி, கல்லூரி மாணவர்: கால் கட்டுக்குள்ள அரிப்பு தாங்கல. ஸ்கேல் விட்டுச் சொறியலாமா அக்கா?

பதில்: கூடாது தம்பி. கீறல் விழுந்தால் வேர்வையில் சீழ் பிடிக்கும், வெளியே தெரியாது. பவுடர், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதலாம், கட்டின் மேல் லேசாகத் தட்டலாம். சாப்பாட்டுத் துணுக்கு உள்ளே விழுந்தால் எறும்பு வரும், அது தனி நரகம். மழையில் பிளாஸ்டிக் பை சுற்றிப் போங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். துர்நாற்றமோ, ஓரிடத்தில் மட்டும் சூடோ, புதுக் கறையோ தெரிந்தால் கட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒரு மகன்: அப்பா பலாமரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் முறிவு. ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் படுக்கை என்றார்கள். பத்தாம் நாள் பிட்டத்துக்கு மேல் சிவப்பாக இருக்கிறது. எண்ணெய் தேய்க்கவா? டியூப் வளையம் வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சிவந்த இடத்தைத் தேய்த்தால் அடியில் நைந்துபோன திசு இன்னும் கிழியும். வளையம் வைத்தால் சுற்றியுள்ள தோலை அழுத்தி நடுவில் ரத்தம் வராமல் செய்யும். முதலில் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் காப்பாற்றலாம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. எப்படியானாலும் அந்த இடத்தின் மேல் இனி பாரம் விழக்கூடாது.

புரட்டுவதற்கு மருத்துவரின் அனுமதி வாங்கிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முதுகு முறுக்கிக்கொள்ளாமல், உடம்பை ஒரே கட்டையாக உருட்ட வேண்டும். மூன்று பேர் வேண்டும்: ஒருவர் தோளும் மார்பும், ஒருவர் இடுப்பும் தொடையும், ஒருவர் கால்கள். கழுத்தெலும்பு முறிவு என்றால் தலைக்கு நாலாவது ஆள், அவர் சொல்லித்தான் மற்றவர் அசைய வேண்டும். அப்பாவின் கைகளை மார்பின் மேல் மடித்து வைத்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை வையுங்கள். அடியில் மடித்துப் போட்ட போர்வையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல, மூன்றில் எல்லோரும் சேர்ந்து திருப்புங்கள். தோள் முதலில், இடுப்பு பிறகு என்று போனால் முறிந்த இடத்தில் முறுக்கு விழும். முழுப் பக்கவாட்டில் நிறுத்தாமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும், இடுப்பெலும்பின் முனையில் பாரம் ஏறாது. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். பிட்டத்துக்கு அடுத்தபடி புண் வரும் இடம் அதுதான், யாரும் பார்ப்பதில்லை.

காற்றுப் படுக்கை வாங்கினால் அதன் அடியில் கையை விட்டுப் பாருங்கள். அப்பாவின் எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. அதன் மேல் ரெக்சின் விரித்தால் நம் கடலோர வெக்கையில் முதுகு ஊறிப்போகும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். மோட்டார் கரண்டில் ஓடுவது என்பதையும் மறக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது உங்கள் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல ஃபோம் மெத்தை தயாராக இருக்கட்டும். மெத்தை எதுவானாலும் புரட்டுவதை நிறுத்தக்கூடாது.

சாப்பாட்டில் கஞ்சியை மட்டும் நம்பாதீர்கள். தோல் ஆற, எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்குத் தினம் 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீன், பயறு, தயிர் எல்லாம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு. கால் பலவீனமானாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. தமிழ்நாட்டுப் பக்கம் என்பதால் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் ஊழியரிடம் சொல்லி வையுங்கள், வீட்டுக்கே பிசியோதெரபி வரும்.

நெய்வேலி: காலில் வெளியே கம்பி மாட்டியிருக்கிறது. கம்பி இறங்கும் இடத்தில் மஞ்சளாகத் தண்ணீர் கசிகிறது. சீழா?

பதில்: முதல் சில நாட்களில் தெளிவான இளமஞ்சள் நீர் கசிவது இயல்பு. கெட்டியாக, நாற்றத்தோடு, சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால்தான் சீழ். கம்பி ஆடினாலும் காட்ட வேண்டும். சுத்தம் செய்வது தினமுமா, வாரம் ஒருமுறையா என்பது உங்கள் மருத்துவர் சொன்னபடி. கை கழுவி, நார்மல் சலைன் உப்புநீரில் நனைத்த காஸ் துணியால் தோலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு கம்பிக்கு ஒரு துணி. அதே துணியோடு அடுத்ததற்குப் போனால் கிருமியையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். நட்டுகளை நீங்கள் திருகவும் கூடாது.

கடலூர் முதுநகர்: புத்தூர் கட்டு போட்டால் சீக்கிரம் கூடும் என்கிறார் அண்ணன்.

பதில்: எந்தக் கட்டும் எலும்பைச் சீக்கிரம் கூட வைக்காது. தனக்கு வேண்டிய வாரங்களை எலும்பு எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ரே இல்லாமல் யாரும் கட்ட விடாதீர்கள். காயம் திறந்திருந்தால், மூட்டுக்குள் முறிந்திருந்தால், முழங்கைக்குப் பக்கத்தில் குழந்தைக்கு உடைந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏற்கெனவே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியாகிவிட்டது என்றால் மேலே முதல் பதிலில் சொன்ன விரல் சோதனை அப்படியே பொருந்தும். தவறினால் அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாகூர்: அம்மாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒன்று. வலி அதிகமான வாரம் தினமும் போடலாமா?

பதில்: உயிருக்கே ஆபத்து. அது வலி மாத்திரை அல்ல. தினமும் போட்டால் ரத்த அணு உற்பத்தி நின்று, வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஏற்கெனவே கூடுதலாகப் போட்டிருந்தால் அம்மா நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலண்டரில் ஒரு கிழமையை வட்டமிட்டு, அட்டையை மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் வையுங்கள். இதோடு தரும் போலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை வேறு நாளில். வலிக்கு என்ன தருவது என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

லாஸ்பேட்டை: வலது முட்டி மாற்றியாச்சு. கைத்தடி எந்தக் கையில? படி ஏறும்போது எந்தக் கால் முதல்ல?

பதில்: இடது கையில் ஐயா. தடியும் வலது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்கட்டும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் செய்த காலும் முதலில். கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள், முட்டி மடங்கியே இறுகிவிடும். வைப்பதென்றால் குதிகாலுக்குக் கீழே.