ஹெட்ஸ்டாக் எழுத்து ஏன் சுருங்குகிறது?

கேள்வி: பழைய கிட்டாரின் ஹெட்ஸ்டாக்கை, அதாவது கழுத்தின் நுனியில் கம்பிகளை முறுக்கும் திருகுகள் உள்ள தலைப்பகுதியை, தேய்த்துப் புதுப்பித்தேன். இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்த டெக்காலை (காகிதத்திலிருந்து நழுவி ஒட்டும் மெல்லிய படலம்) தண்ணீரில் ஊறவைத்து ஒட்டியபோது அழகாக உட்கார்ந்தது. மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்த சில நிமிடங்களில் எழுத்து சுருங்கி, மையும் கலங்கிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: முதல் கோட்டிங்கைக் கனமாக அடித்திருப்பீர்கள். என்.சி. லாக்கரில் இருக்கும் தின்னர் என்ற கரைப்பான், டெக்கால் படலத்தையும் கரைக்கக்கூடியது. ஈரம் தேங்கும் அளவுக்கு அடித்தால், தின்னர் ஆவியாகும் முன்பே படலம் ஊறி நெளிந்துவிடும். நெளிந்ததை மீட்க வழியில்லை; தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.

இந்த முறை அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள். மரத்தின் மேல் மூன்று நான்கு கோட்டிங் லாக்கர் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, 800 நம்பர் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். அதன் மேல் பளபளப்பாக இன்னொரு கோட்டிங் கட்டாயம் வேண்டும். தேய்த்த சொரசொரப்பிலேயே ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளிபோல மினுங்கும்.

இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். அச்சு நன்றாகக் காய்ந்ததும், ஊறவைப்பதற்கு முன்பே, அக்ரிலிக் கிளியர் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடித்து மூடுங்கள். லேசர் அச்சில் மை கரையும் தொல்லை இல்லை. எழுத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, படலம் காகிதத்திலிருந்து தானாக நகரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு உரித்தால் கிழியும். ஹெட்ஸ்டாக்கிலும் சில துளி தண்ணீர் இருந்தால் நகர்த்தி இடம் பார்க்க வசதி. இடம் சரியானதும் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றுங்கள். ஓரத்தில் கசிந்த பசையை ஈரத்துணியால் துடைக்காவிட்டால், காய்ந்தபின் கறையாகத் தெரியும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

இனி லாக்கர். 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, தூசி படிந்ததுபோல மட்டும் தெரியும்படி மூன்று முறை, அரை மணி நேர இடைவெளியில் அடியுங்கள். “இது போதாதே” என்று கை பரபரக்கும், அடக்குங்கள். அடுத்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தைக் கூட்டலாம். ஒரு நாளைக்கு மூன்று கோட்டிங்குக்கு மேல் வேண்டாம். எட்டு கோட்டிங் ஆனதும் ஒரு வாரம் விட்டு, தட்டையான கட்டையில் 800 நம்பர் தாளைச் சுற்றி, டெக்கால் ஓரத்தில் தெரியும் மேட்டை மட்டும் லேசாக மழுங்கடியுங்கள். எழுத்தைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. பிறகு இன்னும் நான்கைந்து கோட்டிங்.

பாலிஷ் போட மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். தின்னர் மெதுவாகத்தான் வெளியேறும். அதுவரை லாக்கர் சுருங்கி இறங்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் பாலிஷ் போட்டால் மறைந்த ஓரம் மறுபடி எழும். மூக்கருகே பிடித்தால் தின்னர் வாசனை வருகிறதா? இன்னும் காயவில்லை. வாசனை போனபின் 1000, 1500, 2000 என்று தேய்த்து, காம்பவுண்டால் (மெருகேற்றும் பசை) மெருகேற்றுங்கள்.

கேள்வி: கறுப்பு ஹெட்ஸ்டாக்கில் வெள்ளை எழுத்து வேண்டும். வீட்டுப் பிரிண்டர் போதுமா?

பதில்: போதாது. சாதாரணப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தின் வெள்ளையைத்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. தெளிந்த படலத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் டெக்காலோ, தேய்த்து ஒட்டும் எழுத்தோ செய்துவாங்குங்கள். உங்கள் சொந்தப் பெயராக இருக்கட்டும். பிரபல நிறுவனத்தின் முத்திரையை ஒட்டி அசல் என்று விற்பது மோசடி.

கேள்வி: லாக்கர் அடித்ததும் பால் ஊற்றியதுபோல வெளுக்கிறது.

பதில்: காற்றில் ஈரப்பதம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, நீராவி அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. வறண்ட நாளில் ரிட்டார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மெல்லிசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடியில் டெக்கால் இருந்தால் அதையும் தூசிபோலத்தான் தூவ வேண்டும்.

கேள்வி: டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு) துளையைச் சுற்றி லாக்கர் வெடித்துவிட்டது.

பதில்: தண்ணீர் தொட்டுத் தேய்த்திருந்தால், துளை வழியே ஈரம் புகுந்து மரம் உப்பியிருக்கும். துளைகளை முன்பே அடைத்துவிடுங்கள். துளைக்குள் படிந்த லாக்கரையும் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் எடுத்த பிறகே டியூனரைப் பொருத்துங்கள். இறுக்கமாகத் திணித்தால் ஓரம் செதிலாகப் பெயரும்.